பாஸ் எடுத்த ஊர்

தை மாதத்துப் பின்னேரம் ஒன்று. அம்மா விறாந்தையில் இருந்து அவித்த பனங்கிழங்கைக் கிழித்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எழுதப்போகும் தங்கையின் மகள் பக்கத்தில் இருந்து, கிழித்த பாதிகளில் பீலியை எடுத்தெறிந்து தும்பை உரித்துக்கொண்டிருந்தாள். பேச்சு எங்கெங்கோ சுற்றித் தொண்ணூறுகளில் வந்து நின்றது. "அந்த நேரம் பாஸ் எடுக்க மூண்டு நாள் போய் நிண்டனான்" என்றார் அம்மா. பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சோதினை அம்மம்மா அது?"

"சோதினை இல்லை மோனை. கொழும்புக்குப் போறதுக்கு."

"கொழும்புக்குப் போக ஏன் பாஸ்?"

அம்மா மறுமொழி சொல்லவில்லை. அடுத்த கிழங்கை எடுத்தார்.

இரண்டே எழுத்துச் சொல். ஒரே விறாந்தையில் இருந்த இருவருக்கும் அது தெரியும். ஆனால் பிள்ளைக்குத் தெரிந்த பாஸ் வேறு, அம்மாவுக்குத் தெரிந்த பாஸ் வேறு. இங்கிலீசில் இருந்து நாம் எடுத்த சொற்கள் ஆயிரம் இருக்கும். பஸ், ரோட்டு, லைற், சைக்கிள் எல்லாம் வந்த பொருளிலேயே இருந்துவிட்டன. யாழ்ப்பாணத்துக்கு வந்த பிறகு எங்கள் வாழ்க்கையின் பாரத்தைச் சுமந்து பொருள் மாறிய சொற்கள் சிலதான். 'கேம்ப்', 'சென்றி', 'ஷெல்' என்பவை அந்த வகை. பாஸும் அந்த வகைதான். ஆனால் மற்றவற்றைவிட நீளமான வரலாறு அதற்கு உண்டு என்பது என் எண்ணம்.

அன்றிரவு இந்தச் சொல்லை நாம் எந்தெந்த வினையோடு பேசுகிறோம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். சோதினை பாஸ் பண்ணிறது. வீடு கட்டப் பிரதேச சபையில் பிளான் பாஸ் பண்ணுவிக்கிறது. வங்கியில் லோன் பாஸாகிறது. போட்ட செக் பாஸாகாமல் திரும்பி வாறது. நாடாளுமன்றத்தில் பில் பாஸாகிறது. ஆஸ்பத்திரி வாட்டில் சத்திரசிகிச்சை முடிந்தவரிடம் "யூரின் பாஸ் பண்ணினவரோ?" என்று தாதி கேட்கிறது. பிறகு, பாஸ் கேட்கிறது, பாஸ் எடுக்கிறது, பாஸ் தாறது, பாஸ் முடியிறது, பாஸைப் பறிக்கிறது.

எழுதி முடித்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டால், இத்தனை பாஸுக்கும் பின்னால் ஒரு மேசை இருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறார். அவர் கையெழுத்துப் போட்டால் பாஸ், போடாவிட்டால் இல்லை. இங்கிலீசில் இந்தச் சொல்லின் வேர் நடை. 'காலடி' என்ற பொருளுடைய பாசுஸ் என்ற லத்தீன் சொல்லில் இருந்து பிரெஞ்சு வழியாக அது இங்கிலீசுக்குப் போனது. அங்கே ஒரு மனிதர் ஒரு வீட்டைக் கடந்து நடந்தாலும் பாஸ், நேரம் கழிந்தாலும் பாஸ், வலி தீர்ந்தாலும் பாஸ், உயிர் பிரிந்தாலும் பாஸ். காலோ காலமோ தானாக அசைகிறது. அந்த அசைவை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. "நான் உங்கட வீட்டைப் பாஸ் பண்ணினனான்" என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. "உங்கட வீட்டடியாலை போனனான்" என்றுதான் சொல்வோம். நடை எங்களுக்குத் தமிழிலேயே இருந்தது. நடக்க விடுகிற அதிகாரத்துக்கு மட்டும் பிறத்தியாரின் சொல் வந்தது.

அந்த அதிகாரம் எங்கள் ஊரின் வாசலிலேயே பெயராக நிற்கிறது. குடாநாட்டையும் வன்னியையும் இணைக்கும் ஒடுங்கிய நிலத்தை நாங்கள் ஆனையிறவு என்கிறோம், இங்கிலீசில் எலிபன்ற் பாஸ். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை இந்த வழியாகத்தான் குடாநாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். பிறகு ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். அந்தத் துறையை யானைகளின் கரை என்று போர்த்துக்கீசர் அழைத்ததில் இருந்துதான் கயிற்ஸ் என்ற பெயரே வந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் குடாநாட்டின் கழுத்தில் மூன்று சிறு கோட்டைகளை வைத்திருந்தார்கள்: பைல், ஆனையிறவு, பெஸ்குட்டர். அவற்றை அவர்கள் 'பாஸ்' என்ற அடைமொழியோடுதான் குறித்தார்கள். ஒல்லாந்த மொழியிலும் அந்தச் சொல்லுக்குக் காலடி என்றும் பொருள், கடவை என்றும் பொருள். வன்னியில் இருந்து வருகிறவர் யார், போகிறவர் யார் என்று பார்ப்பதுதான் அந்தக் கோட்டைகளின் வேலை. 1795இல் இங்கிலீசுக்காரர் வந்தபோது வாசலும் காவலும் ஏற்கெனவே இருந்தன.

தமிழ்ப் பெயரிலும் நின்று பார்க்கவேண்டிய ஒன்று உண்டு. ஆனை இறங்கிய இடம் என்று ஊரில் பொருள் சொல்வார்கள். ஆனால் 'இற' என்ற பழைய வினைக்குக் கடத்தல் என்பதே முதற்பொருள். சங்கப் பாட்டில் சுரம் இறந்து போனான் என்றால் பாலை வழியைக் கடந்து போனான் என்று அர்த்தம், செத்தான் என்று அல்ல. கடந்து போன காலம் இறந்தகாலம். கடந்து போன மனிதர் இறந்தவர். இங்கிலீசில் பாஸ் என்ற ஒரு சொல்லுக்குள் இருக்கும் வழி, காலம், சாவு மூன்றையும் தமிழ் 'இற' என்ற ஒற்றை வேரில் முன்பே வைத்திருந்தது. ஆனையிறவு என்ற பெயரை உச்சரிக்கும்போதெல்லாம் இந்த மூன்றும் எனக்குக் கேட்கும். 1991 ஆடி, ஆவணியிலும் 2000 சித்திரையிலும் 2009 தையிலும் அந்த வெளியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று தெரிந்த ஒருவருக்குக் கேட்காமல் இராது.

இனி, பிள்ளைக்குத் தெரிந்த பாஸ். யாழ்ப்பாணத்தாருக்குச் சோதினை என்பது வெறும் பள்ளிக்கூட விஷயம் அல்ல. தண்ணீர் குறைந்த சுண்ணாம்புக்கல் நிலத்தில் கமம் செய்து எல்லாரும் பிழைக்க முடியாது என்ற நிலையில் மிஷன் பள்ளிக்கூடங்கள் வந்தன. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறி தொடங்கியது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதன் முதல் பீ.ஏ. சோதினையில் தேறிய இருவரும், சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும், அந்தச் செமினறியில் படித்த யாழ்ப்பாணத்தார். கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் ஏட்டில் இருந்து அச்சுக்குக் கொண்டுவந்த தாமோதரம்பிள்ளையைத் தமிழுலகம் பதிப்பாசிரியராக நினைக்கிறது. ஊரில் எங்கள் பாட்டன்மாருக்கு அவர் முதலில் பீ.ஏ. பாஸ் பண்ணினவர். அன்று தொடக்கம் பாஸ் என்பது உத்தியோகம், உத்தியோகம் என்பது பென்சன், பென்சன் என்பது நல்ல சம்பந்தம். கொழும்பிலும் மலாயாவிலும் கிளாக்கராகவும் ரெயில்வேயிலும் போய் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு பாஸ் தாளோடு போனவர்கள்.

அரசாங்கத் தமிழில் இதற்குச் 'சித்தி' என்று பெயர். தமிழ்நாட்டில் தேர்ச்சி என்பதை நாம் சித்தி என்கிறோம். சாதாரண சித்தி, திறமைச் சித்தி என்று சான்றிதழில் அச்சிடுவார்கள். தவம் செய்த சித்தர்கள் அடைந்ததாகச் சொல்லும் பேற்றின் பெயரைப் பதினாறு வயதுப் பிள்ளையின் கணிதபாடத்துக்கு வைத்ததில் ஒரு சமூகத்தின் நம்பிக்கை முழுவதும் தெரிகிறது. ஆனால் பேச்சில் அது ஒட்டவில்லை. "எல்லாப் பாடமும் பாஸோ?" என்றுதான் வாய் கேட்கிறது. ஆகக் குறைந்த சித்தியான 'எஸ்' எடுத்த பிள்ளையின் தாய், "பாஸ்தான், ஆனா எஸ்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வாள்.

எழுபதுகளில் இந்தப் பாஸ் உடைந்தது. 1970 பல்கலைக்கழக அனுமதியில், பொறியியலுக்குத் தமிழ்மொழி மூலம் எழுதியவர் 250 புள்ளி எடுக்கவேண்டும், சிங்களமொழி மூலம் எழுதியவருக்கு 227 போதும் என்று வந்தது. பிறகு தரப்படுத்தல், 1974இல் மாவட்டக் கோட்டா. பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைக்கு வழிவிட வேண்டும் என்பதில் நியாயம் உண்டு, வன்னியிலும் மலையகத்திலும் அதனால் படித்து வந்தவர்கள் உண்டு. மொழியைப் பார்த்துப் புள்ளியை ஏற்றியதில் நியாயம் இல்லை. சொல்லில் என்ன நடந்தது என்றால், பாஸ் என்பதும் 'எடுபடுதல்' என்பதும் இரண்டாகப் பிரிந்தன. "நாலு பாடமும் பாஸ், ஆனா கம்பசுக்கு எடுபடேல்லை" என்பது அந்தக் காலத்து வீடுகளின் வாக்கியம். பாஸ் பண்ணியவன் போகலாம் என்ற பழைய உறுதி அதில் இல்லை. அப்படி எடுபடாமல் நின்ற பெடியள் பலர் பிறகு எங்கே போனார்கள் என்பது ஊர் அறிந்தது.

அவர்களில் ஒரு பகுதி அமைத்த ஆட்சியிலேதான் அம்மா சொன்ன பாஸ் வந்தது. 1990 ஆனியில் போர் மீண்டும் தொடங்கிய பிறகு, 1995 கடைசி வரை குடாநாட்டின் பெரும்பகுதி விடுதலைப்புலிகளின் கையில் இருந்தது. வெளியே போக விரும்புகிறவர் அவர்களிடம் அனுமதி எடுக்கவேண்டும். ஏன் போகிறாய், எங்கே தங்குவாய், எப்போது வருவாய் என்ற கேள்விகள். திரும்பி வருவார் என்பதற்கு ஊரில் இருக்கும் ஒருவர் பிணை நிற்கவேண்டும். போனவர் வராவிட்டால் பிணை நின்றவர் பொறுப்பு. இளவயதினருக்கு எளிதில் கிடையாது, கிடைத்தாலும் காசு கட்டவேண்டும். ஒரேயடியாக வெளியேறியவர்களின் வீடும் வளவும் இயக்கத்தின் கைக்குப் போயின. இந்த ஒழுங்கை நியாயப்படுத்தியவர்கள் ஊர் வெறிச்சோடக்கூடாது என்றார்கள். ஊர் வெறிச்சோடக்கூடாது என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் தன் பிள்ளையைக் காப்பாற்றக் கொண்டுபோகிற தாயிடம் பிணை கேட்கிற ஆசையை ஊர்ப்பற்று என்று நான் ஏற்கமாட்டேன்.

சொல்லுக்கு இங்கே ஒரு விசேஷம் நடந்தது. பேக்கரியை வெதுப்பகம் ஆக்கி, கடைகளின் பெயர்ப்பலகைகளை எல்லாம் தமிழாக்கிய காலம் அது. அந்த ஆக்கங்களில் பல அழகானவை, இன்றும் ஊரில் நிலைத்திருக்கின்றன. அனுமதிக்கும் நல்ல தமிழ்ச்சொற்கள் இருந்தன. இருந்தும் சனத்தின் வாயில் அது பாஸாகவே இருந்தது. வெதுப்பகம் என்று சொல்லப் பழகிய வாய் பாஸை மட்டும் மாற்றவில்லை. பாண் வாங்குகிற இடம் நம்முடையது, அதற்கு நம் மொழியில் பெயர் வைக்கலாம். பாஸ் நம்முடையது அல்ல என்று சனத்துக்குத் தெரிந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

பாஸ் எடுத்தால் பயணம் முடிந்ததா? ஆனையிறவில் இராணுவம், பாதை மூடல். முதலில் கொம்படி, ஊரியான் வெளிகளால் சேற்றில் நடந்தார்கள். பிறகு கிளாலியில் இருந்து இரவில் வள்ளமேறிக் கடல்நீரேரியைக் கடந்தார்கள். கடற்படை சுடும். 1993 ஜனவரி 2ஆம் திகதி அந்த நீரேரியில் கொல்லப்பட்டவர்கள் வெறும் பயணிகள். அந்த ஈரத்திலும் ஒரு தாளைப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். அம்மா அதைப் பொலித்தீன் பையில் சுற்றி, சட்டைக்குள் ஊசி குத்தி வைத்திருந்தாராம். நகையை மறைத்த இடத்தில் தாளையும் மறைத்தார்.

பாஸ் கேட்காமல் வெளியேற்றிய நாட்களும் உண்டு. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் போகச் சொன்னார்கள் புலிகள். நூற்றாண்டுகளாக எங்களோடு இருந்த சனம். சோனகதெருவில் தையற்கடையும் இரும்புக்கடையும் நகைக்கடையும் வைத்திருந்தவர்கள். அவர்களிடம் யாரும் பிணை கேட்கவில்லை, எப்போது திரும்புவாய் என்று கேட்கவில்லை. மற்றவர்களுக்குப் போக விடாத வாசல் அவர்களுக்கு மட்டும் திரும்பி வர முடியாதபடி திறந்தது. சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1995 ஒக்டோபர் 30 இரவில், இராணுவம் நெருங்கியபோது வலிகாமத்துச் சனம் முழுவதும் மழைக்குள் செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு நகர்த்தப்பட்டது. லட்சக்கணக்கானோர் ஒரே ரோட்டில். அன்றைக்கும் யாரும் பாஸ் கேட்கவில்லை. இந்த இரண்டு நாளையும் அருகருகே வைத்துப் பேச எங்கள் ஊரில் இன்னும் தயக்கம் இருக்கிறது. தயங்கக்கூடாது என்பது என் கருத்து.

1996இல் ஊர் திரும்பிய சனத்துக்கு மேசை மாறியது, முறை மாறவில்லை. பாதை இல்லை. பலாலியில் இருந்து விமானம், இல்லாவிட்டால் திருகோணமலைக்குக் கப்பல். இரண்டுக்கும் இராணுவத்தின் அனுமதி வேண்டும். அதற்குக் 'கிளியரன்ஸ்' என்று ஒரு புதுச்சொல் வந்தது. பாஸின் தம்பி என்று சொல்லலாம். கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்களும், கொழும்பில் வைத்தியம் பார்க்கவேண்டியவர்களும், வெளிநாட்டு விசாவுக்கு நேர்முகம் வந்தவர்களும் கிளியரன்சுக்காக வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியில் இருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் கடலில் விழுந்தது, அதில் இருந்த ஒருவரும் மிஞ்சவில்லை. அவர்களும் அப்படி வரிசையில் நின்று அனுமதி எடுத்தவர்கள்தான்.

வன்னியில் இருந்து வவுனியாவுக்கு வந்தவர்களின் கதை இன்னும் சிக்கலானது. அங்கே ஒரு நாளுக்கு ஒரு பாஸ், ஒரு கிழமைக்கு ஒன்று, மாதக்கணக்கில் ஒன்று என்று தரம் தரமாக இருந்தன. தன் சொந்த நாட்டின் ஒரு நகரத்தில் எத்தனை நாள் நிற்கலாம் என்பதைத் தாளின் நிறமும் முத்திரையும் சொல்லின. சிதம்பரபுரம் முகாமில் இருந்த ஒருவர் வழக்குப் போட்டார். அவருக்குப் பாஸ் மறுத்தது நடமாடும் சுதந்திரத்தை மீறிய செயல் என்று 2002இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முகாமில் இருந்து ஒரு மனிதர் எழுந்து கேட்டதால் வந்த தீர்ப்பு அது. எங்கள் வரலாற்றுப் பாடப்புத்தகத்தில் போர்களின் திகதிகளோடு அதற்கும் ஓர் இடம் வேண்டும்.

அதே ஆண்டு சித்திரையில் ஏ9 பாதை குடாநாட்டுக்குத் திறந்தது. 2006 ஆவணி 11இல் முகமாலையில் சண்டை தொடங்கி மறுபடி மூடியது. மறுபடி கப்பல், மறுபடி கிளியரன்ஸ். வன்னிக்குள் புலிகளின் பாஸ் 2009 வரை இருந்தது. கடலிலும் இதே நடைமுறைதான். விடியப்புறம் கரைக்கு வரும் தொழிலாளி சென்றியில் பாஸைக் காட்டி, பெயரைப் பதிந்து, குறித்த நேரத்தில் இறங்கி, குறித்த நேரத்தில் ஏறவேண்டியிருந்தது. மீன் வரும் நேரத்தை நிலாவும் நீரோட்டமும் தீர்மானிக்கும், கடலுக்குப் போகும் நேரத்தைச் சென்றி தீர்மானித்தது. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட கோயில்களுக்குத் திருவிழாவுக்குப் போகவும் அனுமதி எடுக்கவேண்டியிருந்தது. குலதெய்வத்தைப் பார்க்க அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போன தலைமுறை ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. தென்னாபிரிக்காவில் கறுப்பின மக்கள் தங்கள் மண்ணில் நடக்கவே பாஸ் புத்தகம் வைத்திருக்கவேண்டியிருந்தது. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் அந்தப் பாஸை எதிர்த்துக் கூடியவர்களில் 69 பேரைப் பொலிசார் சுட்டுக்கொன்றார்கள். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1908இல், ஜோகன்னஸ்பேர்க்கில் காந்தியோடு சேர்ந்து பதிவுத்தாள்களைக் கொளுத்தியவர்களிடையே தமிழர் இருந்தார்கள். தில்லையாடி வள்ளியம்மை அனுமதியில்லாமல் மாகாண எல்லையைக் கடந்ததற்காகச் சிறைக்குப் போய், 1914 பெப்ரவரியில் பதினாறு வயதில் இறந்தார். பாஸ் என்ற சொல்லின் வரலாற்றில் ஒரு தமிழ்ப்பிள்ளை எல்லையைக் கடந்து நடந்திருக்கிறாள் என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுப்பதில்லை.

தமிழ்நாட்டில் இதே சொல் இலகுவான வாழ்க்கை வாழ்ந்திருக்கிறது. அங்கே பள்ளிப்பிள்ளைக்குப் 'பஸ் பாஸ்' உண்டு. எங்களுக்கு அது 'சீசன்'. சின்ன வித்தியாசம் போலத் தெரியும், ஆனால் பஸ்ஸில் மகிழ்ச்சியாக ஏறிப்போகிற தாளுக்கு அந்தப் பெயரைக் கொடுக்காமல் விட்டது எங்கள் பேச்சின் நல்லூழ். 2020இல் கொரோனாவோடு மாவட்டம் விட்டு மாவட்டம் போக 'இ-பாஸ்' வந்தபோதுதான் தமிழ்நாட்டில் பலர் அந்தச் சொல்லின் மறுபக்கத்தைப் பார்த்தார்கள். இப்போது ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக அதே பெயரில் பதிவு இருக்கிறது. காட்டையும் மலையையும் நெரிசலில் இருந்து காக்கிற நல்ல நோக்கத்துக்கு இப்படி ஓர் ஏற்பாடு தேவைப்படலாம். வேறொரு பெயர் வைத்திருக்கலாமே என்று எங்கள் காது நினைக்கிறது.

எங்களிடமும் 2020 மார்ச்சில் ஊரடங்குப் பாஸ் வந்தது. 2022 ஆடியில் பெற்றோல் தட்டுப்பாட்டில் அரசாங்கம் கொண்டுவந்த ஏற்பாட்டுக்கு இங்கிலீசில் 'தேசிய எரிபொருள் பாஸ்' என்றே பெயர். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். ஆனால் ஊரில் யாரும் அதைப் பாஸ் என்று சொல்லிக் கேட்கவில்லை. "கியூஆர் எடுத்தாச்சோ?" என்றுதான் கேட்டார்கள். கைத்தொலைபேசியில் இருந்த சதுரக் கட்டம்தான் புதிது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். பாஸ் என்ற சொல்லுக்கு ஊரில் ஏற்கெனவே ஆள் இருந்தது என்பதும் காரணமாக இருக்கலாம்.

மேசை இல்லாத பாஸ் ஊரில் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். இரண்டு இடத்தில் கிடைத்தது. ஒன்று மைதானம். "பாஸ் குடடா, பாஸ் குடு" என்று பின்னேரங்களில் கேட்கும் குரல். அங்கே கொடுப்பவன் தோழன், கேட்பவனும் தோழன். பந்து ஒருவன் காலில் இருந்து மற்றவன் காலுக்குப் போகிறது, லத்தீன்காரர் சொன்ன காலடி அங்கேதான் மிஞ்சியிருக்கிறது. மற்றது முந்நூற்று நாலு. சீட்டுகளின் புள்ளிகளை எல்லாம் கூட்டினால் 304 வரும், அதனால் அந்தப் பெயர். வேம்புக்குக் கீழே பாய் விரித்து நாலு பேர் இருப்பார்கள். கேள்வி 160இல் தொடங்கும். ஒருவர் துரும்பு பிடிக்க ஏற்றிக் கேட்பார், கையில் சீட்டு இல்லாதவர் அமைதியாகப் "பாஸ்" என்பார். யாரிடமும் அனுமதி கேட்காமல், தானே தன் வாயால், தன் விருப்பத்தில் ஒரு யாழ்ப்பாணத்தார் பாஸ் சொல்கிற இடம் அது ஒன்றுதான். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பள்ளிக்கூட மண்டபங்களிலும் மரங்களுக்குக் கீழேயும் இந்தச் சீட்டாட்டம் நின்றதே இல்லை என்று ஐயா சொல்வார்.

பாஸுக்கு எங்கள் தமிழ் என்ன வைத்திருக்கிறது? கடவுச்சீட்டு என்பது பாஸ்போட்டுக்கு அரசாங்கம் வைத்த பெயர், நல்ல பெயர். 'கட' என்பதுதான் வேர். கடந்தகாலம், கடவை, கடப்பு எல்லாம் அதன் பிள்ளைகள். ஆளைக் கடத்துகிறது என்பதும் அதன் பிள்ளைதான், அதையும் நாம் கண்டோம். கதிரை போர்த்துக்கீசரிடம் இருந்து வந்தது, கந்தோர் ஒல்லாந்தரிடம் இருந்து, பாஸ் இங்கிலீசுக்காரரிடம் இருந்து. கந்தோரில் கதிரையில் இருப்பவரிடம் பாஸ் கேட்டு நிற்கிற வாக்கியத்தில் கேட்பதும் நிற்பதும்தான் தமிழ். ஆனால் கடப்பு தமிழ். படலை போட்ட பெரிய வாசல் தெருவுக்கு. கடப்பு என்பது வேலியில் கட்டையைத் தாண்டிக் காலெடுத்து வைக்கிற சின்ன வழி. அதைவிடச் சின்னது பொட்டு. கிடுகை விலக்கி, கதியாலுக்கும் கதியாலுக்கும் இடையில் ஒருவர் குனிந்து போகிற அளவு இடைவெளி. பக்கத்து வீட்டுக்குக் கறியும் நெருப்பும் செய்தியும் போன வழி அதுதான். வெளியில் ரோட்டு மூடிய நாட்களிலும் ஊரடங்கு போட்ட நாட்களிலும் சனம் பொட்டுக்குள்ளால் வளவுக்கு வளவு போய்க்கொண்டிருந்தது. இப்போது கிடுகு வேலிகள் குறைந்து மதில்கள் வந்துவிட்டன. வெளிநாட்டுக் காசில் எழுந்த மதில்களில் பொட்டு வைக்க யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் மேற்குப் பக்க வேலி இன்னும் கதியால் வேலி.

அம்மா கிழங்கை எல்லாம் கிழித்து முடித்தார். பிள்ளையின் கேள்வி இன்னும் அப்படியே இருந்தது. தட்டில் பாதியை எடுத்து ஒரு சட்டியில் போட்டுக்கொண்டே, "பாஸ் எண்டால் பிணை வேணும் பிள்ளை. நான் போட்டு வரும்வரைக்கும் எனக்காக இஞ்ச ஒராள் நிக்கவேணும்" என்றார்.

"ஆர் நிண்டது?"

"உந்தப் பக்கத்து மாமாதான் நிண்டவர். தன்ர பிள்ளையள் எல்லாம் கொழும்பிலை. அவரும் போயிருக்கலாம். நான் வரும்வரைக்கும் நாற்பத்தொரு நாள் அந்த மனுசன் ஊரை விட்டு அசையேல்லை."

அந்த மாமா போய்ப் பன்னிரண்டு வருஷம். மாமி இருக்கிறார். அம்மா சட்டியை மூடிப் பிள்ளையின் கையில் கொடுத்தார். "மாமிக்குக் கொண்டேக் குடு. றோட்டாலை சுத்திப் போகாதை, பொட்டுக்குள்ளாலை போ."

பிள்ளை சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்தாள். கிடுகு ஒருமுறை சரசரத்தது. அந்தப் பக்கத்தில் இருந்து மாமியின் குரல் கேட்டது.